முழு ஃபேரிங் பைக்கில் பேட்டரி மாற்றுவது: வாசகர் கேள்வி-பதில்

முழு ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) போட்ட வண்டிகளில் பேட்டரி மாற்றுவது குறித்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் எங்கள் தொழில்நுட்பக் குழுவினுடையது.

கேள்வி: என்னுடைய நிஞ்சா 300-ல் காலையில் செல்ஃப் அழுத்தினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும்தான் வருகிறது. மீட்டர் விளக்கும் மங்கிப் போகிறது. பேட்டரியை எடுக்க இரண்டு பக்க ஃபேரிங்கையும் கழற்ற வேண்டும், அரை நாள் ஆகும் என்கிறார் மெக்கானிக். அப்படித்தானா? (கோவை வாசகர்)

இல்லை. நிஞ்சா 300-ல் பேட்டரி ஓட்டுபவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பின் சீட்டைச் சாவியால் திறந்து, முன் சீட்டை விடுவித்தால் பேட்டரி கண்ணுக்கு நேராகத் தெரியும். ஃபேரிங்கில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

முழு ஃபேரிங் என்றதும் பலரும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் சாலைகளில் ஓடும் ஃபேரிங் வண்டிகளில் பலவற்றுக்கு சீட்டு ஒன்றைத் தூக்கினால் போதும். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடி ஒன்றை எடுக்க வேண்டும். டேங்கைத் தூக்க வேண்டிய வண்டிகள் குறைவு, அவையும் பெரும்பாலும் பெரிய டூரிங் பைக்குகள். பி.எம்.டபிள்யூ. ஆர் 1150 ஆர்டி அப்படிப்பட்டது: பேட்டரி டேங்குக்கு அடியில் இருப்பதால், பக்க ஃபேரிங்கைக் கழற்றாமல் டேங்கை நகர்த்த முடியாது. உங்கள் வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் ‘பேட்டரி’ என்ற தலைப்பை முதலில் பாருங்கள். ஃபேரிங் கழற்றும் படம் அங்கே இல்லை என்றால், கழற்ற வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை.

இன்னொன்று. ‘டக் டக்’ என்பது ஸ்டார்ட்டர் ரிலே ஒட்டி ஒட்டி விடும் சத்தம். மோட்டாரைச் சுற்ற வைக்கும் கரண்ட் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பேட்டரி செத்திருக்கலாம், டெர்மினல் போல்ட் தளர்ந்தும் இருக்கலாம். சீட்டைத் தூக்கியதும் இரண்டு கேபிளையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்கிவிட்டு ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.

கேள்வி: பேட்டரி நிஜமாகவே போய்விட்டதா, வெறும் சார்ஜ் இறங்கியிருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? (திருச்சி வாசகர்)

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். மூன்று அளவு எடுங்கள்.

முதல் அளவு, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, இக்னிஷன் ஆஃபில். 12.8 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. ஓட்டி வந்த உடனே அளந்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பக்கூடாது.

இரண்டாவது அளவுதான் பேட்டரியின் உயிரைச் சொல்லும். மீட்டர் முனைகளை டெர்மினலில் வைத்தபடியே இன்னொருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 12.7 காட்டிக்கொண்டிருந்தது செல்ஃப் அழுத்தியதும் 8, 7 என்று சரிந்தால், உள்ளே தகடுகள் சல்ஃபேட் படிந்து போயின. வோல்ட் இருக்கும், கரண்ட் கொடுக்க வலு இருக்காது. மீட்டர் ரீசெட் ஆவது, கடிகாரம் 12 மணிக்குத் திரும்புவது, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்கும் அமைப்பு) விளக்கு அணையாமல் நிற்பது எல்லாம் இந்தச் சரிவினால் வருபவைதான். ஏபிஎஸ் கெட்டுவிட்டதோ என்று பயந்து செலவு செய்வதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது அளவு என்ஜின் ஓடும்போது. சுமார் 5,000 ஆர்பிஎம்-ல் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் ஸ்டேட்டர் காயில் (என்ஜினில் கரண்ட் உண்டாக்கும் சுருள்), அதன் கப்ளர் (வயர் இணைப்பு), ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் (அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்) ஆகிய மூன்றில் ஒன்றில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி உப்பிக்கொண்டு வரும். இந்த இரண்டு நிலையிலும் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே பழசாகிவிடும். கடைக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் அளவு இது. புதுசு மாட்டிய அன்றும் இதைக் கட்டாயம் எடுங்கள்.

சார்ஜ் மட்டும்தான் இறங்கியிருக்கிறது என்றால், கார் பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரில் கொடுக்காதீர்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது கணக்கு. ஒய்டிஎக்ஸ்9-பிஎஸ் வகைப் பேட்டரியின் மேலேயே 0.9 ஆம்பியரில் 5 முதல் 10 மணி நேரம் என்று அச்சடித்திருக்கும்.

கேள்வி: நானே மாற்றப் போகிறேன். பிளஸ்ஸை முதலில் கழற்றுவதா, மைனஸ்ஸையா? முறையாகச் சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகர்)

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் சேஸிஸ் முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் கேபிள் இருக்கும்போதே பிளஸ் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து, மறுமுனை சட்டத்தில் இடித்தால் நேராக ஷார்ட். ஃபேரிங் வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் திரும்பவே இடம் இருக்காது என்பதால் இந்த இடி சுலபமாக நடக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அதன் பிறகு ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. இரண்டு டெர்மினலையும் ஒருசேரத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள். மைனஸ் போல்ட்டைக் கழற்றி, கேபிள் முனையைத் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்குங்கள். பிறகு பிளஸ்ஸின் சிவப்பு ரப்பர் மூடியைத் தூக்கிக் கழற்றுங்கள். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பட்டையையோ இரும்புத் தகட்டையோ விடுவித்து, நேராக மேலே தூக்குங்கள். வயர்கள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று அதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது வரும் பெரிய தொல்லை அந்தச் சதுர நட்டு. டெர்மினல் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். போல்ட்டை மேலிருந்து விட்டால் நட்டு கீழே இறங்கிவிடும், மரை பிடிக்காது. பேட்டரியை உள்ளே வைப்பதற்கு முன்பே, நட்டுக்கு அடியில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டையோ பெட்ரோல் டியூப் துண்டையோ திணித்துவிடுங்கள். நட்டு மேலே தூக்கி நிற்கும், போல்ட் முதல் சுற்றிலேயே பிடிக்கும். ஜிபிஎஸ், யூஎஸ்பி சார்ஜர் என்று கூடுதல் வயர் இருந்தால் தடித்த கேபிள் முனை டெர்மினலை ஒட்டியும், மெல்லிய வயர் அதற்கு மேலும் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் செல்ஃபின் கரண்ட் முழுக்க அந்த மெல்லிய முனை வழியாகப் போய்ச் சூடாகும்.

டெர்மினல் ஈயம், மென்மையானது. சின்ன ஸ்பேனரால் கேபிள் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள், இடையில் தடவ வேண்டாம். பழைய பேட்டரி கசிந்து தட்டில் வெள்ளைப் பவுடர் பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் துடைத்துக் காய வைத்த பிறகே புதுசை வையுங்கள்.

கேள்வி: என் வண்டியில் ஃபேரிங்கைக் கழற்றியே ஆக வேண்டும். போன முறை சர்வீஸில் கழற்றி மாட்டிய பிறகு பேனலின் இரண்டு காது (மாட்டும் முனை) உடைந்து, ஒரு போல்ட் மிச்சமாகி, 80-ல் போகும்போது ‘கடகட’ சத்தம் வருகிறது. உடைக்காமல் எடுப்பது எப்படி? (ஓசூர் வாசகர்)

பேட்டரியை மாற்ற 10 நிமிடம். ஃபேரிங்கைப் பொறுமையாக எடுத்து மாட்ட ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பேட்டரி விலையைவிடப் பேனல் விலை கூடிவிடும்.

ஒரு அட்டையில் வண்டியின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கோடாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். ஃபேரிங் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்5, எம்6. அல்லன் கீ 4 அல்லது 5 மி.மீ. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நீளம் வேறு வேறு. நீளமானது குட்டையான இடத்துக்குப் போனால் உள்ளே வயரிங்கிலோ ரேடியேட்டரிலோ குத்தும். குட்டையானது நீளமான இடத்துக்குப் போனால் இரண்டு மரைதான் பிடிக்கும், ஓடும்போது கழன்று விழும். சில போல்ட்டுகளோடு உலோகக் குழல் போன்ற காலர் ஒன்று வரும். அதைத் தவறவிட்டால் போல்ட் பிளாஸ்டிக்கையே நசுக்கி விரிசல் விடும். உங்கள் ‘கடகட’வுக்குக் காரணம் அந்த மிச்சமான போல்ட்டாகவோ தொலைந்த ஒரு ரப்பராகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

கருப்பு பிளாஸ்டிக் கிளிப்பில் இரண்டு ரகம். ஒன்றில் நடுக் குமிழை உள்ளே அழுத்தினால் விடும், மற்றதில் நடுக் குமிழை வெளியே நெம்ப வேண்டும். குமிழைச் சுற்றி நெம்ப ஒரு வெட்டு இருந்தால் அது வெளியே வரும் ரகம். எது என்று பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவதால்தான் கிளிப் துண்டாகிறது. அழுத்தும் ரகத்தைத் திரும்ப மாட்டும்போது, முதலில் குமிழைப் பின்னாலிருந்து தள்ளி மேலே எழுப்பி, கிளிப்பை ஓட்டைக்குள் விட்ட பிறகு, குமிழை மட்டத்துக்கு அழுத்த வேண்டும்.

எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் பேனல் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ஒன்று, நீங்கள் பார்க்காத போல்ட் இன்னும் இருக்கிறது, வழக்கமாக அது உள்பக்கம் ஃபோர்க்கை ஒட்டியோ அடிப்பக்கமோ இருக்கும். அல்லது பேனல் காதில் தொங்குகிறது. டேங்குக்குப் பக்கத்தில் ரப்பர் வளையத்துக்குள் (குரோமெட்) நுழைந்திருக்கும் முளையை அந்த முளைக்கு மிக அருகில் கை வைத்து நேராக வெளியே இழுக்க வேண்டும். பேனலுக்குப் பேனல் கோத்திருக்கும் நாக்குகள் வெளியே வராது, முன்னாலோ பின்னாலோ சறுக்கித்தான் வரும். இந்த இரண்டு அசைவையும் குழப்பும்போதுதான் காது உடைகிறது. பேனல் விடுபட்டதும் அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. இண்டிகேட்டர் கப்ளர் இன்னும் கோத்திருக்கும். ஒருவர் பேனலைப் பிடிக்க, மற்றவர் கப்ளரின் லாக்கை அழுத்தி விடுவிக்க வேண்டும்.

பனிக்காலக் காலையில், குறிப்பாக ஓசூர், ஊட்டி பக்கம், இந்த வேலையைச் செய்யாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து நொறுங்கும். வண்டியை ஒரு கால் மணி நேரம் வெயிலில் விட்டால் இளகிக் கொடுக்கும். குரோமெட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டால் மாட்டும்போது தானே நுழையும்.

மாட்டும்போது எந்த போல்ட்டையும் உடனே இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் கையால் இரண்டு மரை ஏற்றி, பேனல் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு போங்கள். முக்கியமாக, கழலாமல் இருக்கட்டும் என்று மரையில் திரெட் லாக்கர் திரவம் விடாதீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் (இது பேனல் செய்யும் ஒரு பிளாஸ்டிக் வகை, பிரேக் ஏபிஎஸ் அல்ல) அது பட்டால் சில நாட்களில் போல்ட் ஓட்டையைச் சுற்றி நூல் நூலாக விரிசல் ஓடும். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், எந்த வயரும் இழுபடக்கூடாது.

உடைந்த காதுக்கு: பேனலின் உள்பக்கம் என்ன எழுத்து அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஏபிஎஸ்’ என்றிருந்தால் அதே பிளாஸ்டிக்கின் சின்னத் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, உடைந்த இடத்தில் மெல்லிய இரும்பு வலையோடு சேர்த்துப் பூசிக் காய விடலாம். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ‘பிபி’ (பாலிபுரொப்பிலீன்) என்றிருந்தால் அசிட்டோனில் கரையாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். உடனடி ஒட்டுப் பசை மட்டும் போட்டால் அது கண்ணாடி மாதிரி விறைத்து, அதிர்வில் திரும்ப விட்டுவிடும்.

கேள்வி: 5எல் பேட்டரிக்குப் பதில் 7எல் போட்டால் பவர் கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (மதுரை வாசகர்)

ஒய்டிஎக்ஸ்5எல்-பிஎஸ், ஒய்டிஎக்ஸ்7எல்-பிஎஸ் இரண்டும் 114 மி.மீ. நீளம், 71 மி.மீ. அகலம். அதனால் பெட்டிக்குள் அழகாக உட்காரும். ஆனால் உயரம் 5எல்லுக்கு 106 மி.மீ., 7எல்லுக்கு 131. அந்த 25 மி.மீ. உயரத்தில் டெர்மினல் சீட்டின் அடித்தட்டில் இடிக்கும். சீட்டை அமுக்கிப் பூட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பிளஸ் மூடி தேயும். அடித்தட்டில் இரும்பு இருந்தால் ஒரு நாள் ஷார்ட் ஆகும். உயரத்துக்கு இடம் இருந்தால் தாராளமாகப் போடலாம், இல்லையென்றால் வேண்டாம். என்ஜின் பவர் இதனால் கூடாது.

வாங்கும்போது நீள, அகல, உயரத்தோடு பிளஸ் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். டெர்மினல்கள் உங்களைப் பார்த்தபடி இருக்க, பிளஸ் இடதா வலதா என்று பழையதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் கேபிள் எட்டாது. இழுத்து எட்ட வைப்பவர்களும் உண்டு, அது ஆபத்து. கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.6-க்குக் குறைந்தால் அது அலமாரியில் நெடுநாள் கிடந்த சரக்கு. வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அதே கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரி போட்டால் இரண்டு, மூன்று கிலோ குறையுமாமே? (சென்னை வாசகர்)

எடை குறைவது உண்மை. டிராக்கில் ஓட்டுபவருக்குப் பயன். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு எங்கள் பரிந்துரை வேண்டாம் என்பதே. ‘8 ஏஹெச்சுக்கு (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அலகு) இணை’ என்று விற்பதன் உண்மைக் கொள்ளளவு அதில் பாதிகூட இருக்காது. செல்ஃபுக்கு அது போதும், ஆனால் ஜிபிஎஸ், அலாரம் வைத்த வண்டியை இரண்டு வாரம் நிறுத்தினால் அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்படி ஒருமுறை முழுதாக வடிந்தால் மீட்பது கடினம். ரெகுலேட்டர் பழுதாகி வோல்ட் எகிறினாலும் முதலில் அடிபடுவது இதுதான். சார்ஜரும் தனி, சல்ஃபேட் நீக்கும் வசதி உள்ள சார்ஜரை இதில் மாட்டக்கூடாது.

கேள்வி: புதுப் பேட்டரி போட்டும் இரண்டு வாரம் ஓட்டாமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. (தஞ்சாவூர் வாசகர்)

எங்கோ கரண்ட் கசிகிறது. சாவி ஆஃபில், மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் இடையில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர், எண் மிகச் சிறியதாக இருந்தால் மில்லி ஆம்பியர். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியையோ செல்ஃபையோ தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகும்.

கடிகாரத்துக்கும் இசியூவுக்கும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 3 மில்லி ஆம்பியர் என்றால் 30 நாளில் சுமார் 2.2 ஏஹெச், 8 ஏஹெச் பேட்டரி தாங்கும். 20 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 0.48 ஏஹெச், 17 நாளில் முழுக்கக் காலி. உங்கள் கணக்கு இதற்கு நெருங்கி வருகிறது. கூடுதலாக மாட்டிய பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எண் எப்போது விழுகிறது என்று பாருங்கள். நேராக பேட்டரியில் மாட்டிய யூஎஸ்பி சார்ஜரும் ஜிபிஎஸ்ஸும்தான் முதல் சந்தேகம். சாவி ஆன் ஆனால் மட்டும் கரண்ட் வரும் வயரில் ரிலே வைத்து மாற்றிக் கொடுத்தால் யூஎஸ்பி பிரச்சினை தீரும். எதைக் கழற்றியும் எண் விழவில்லையா, ரெக்டிஃபையர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே டையோடு கசிந்தால் அங்கேதான் விழும்.

நெரிசலில் குறைந்த தூரம் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: 2017 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். 55 வாட் ஹாலஜன் மட்டுமே 4.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதோடு ரேடியேட்டர் ஃபேனும் சுற்றினால் ஐடிலில் பேட்டரிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஹைவேயில் ஓட்டுங்கள்.

கேள்வி: பாதி வழியில் பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கார் பேட்டரியிலிருந்து எடுக்கலாமா? (வேலூர் வாசகர்)

சாவி போட்டதும் மீட்டர் எரிந்து பெட்ரோல் பம்ப் ‘ஙொய்ங்’ என்று ஓடினால் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் தள்ளலாம். ஸ்லிப்பர் கிளட்ச் (பின் சக்கரம் பூட்டாமல் தானே வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) வண்டியில் சற்று வேகமாகத் தள்ள வேண்டும். பம்ப் சத்தமே இல்லை என்றால் எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது, மூச்சுதான் வாங்கும்.

கார் பேட்டரியும் 12 வோல்ட்தான், எடுக்கலாம். கார் என்ஜினை ஓட விடாதீர்கள். பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு, பிறகு காரின் மைனஸிலிருந்து பைக் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கு. பைக் ஸ்டார்ட் ஆனதும் முதலில் அந்த என்ஜின் போல்ட் கிளிப்பை எடுங்கள். சீட்டு திறக்கச் சாவி போதும் என்றால் பிரச்சினை இல்லை. முன் சீட்டுக்கு அல்லன் கீ தேவைப்படும் வண்டியாக இருந்தால், அந்த ஒரு கீயைப் பின் சீட்டுக்கு அடியில் இப்போதே வைத்துவிடுங்கள்.